ழியில் தொடங்கும் சொல்

...ழியில் தொடங்குகிற சொல் தமிழில் ஒன்றுகூடக் கிடையாது, அது எனக்குத் தெரியாதா, மூன்று வருஷம் பி.ஏ. தமிழ் படித்தவளுக்கு, சொல்லின் முதலில் வரும் எழுத்துகள் எவை என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியவளுக்குத் தெரியாமலா போயிற்று, தெரிந்தும் காலையில் முகத்தைக் கழுவின கையோடு பிள்ளையின் நோட்டை எடுத்து, ஓரத்தில் அவள் பேரை மேலிருந்து கீழாக நானே எழுதிக் கொடுத்து, ஒவ்வோர் எழுத்திலும் ஒரு வரி தொடங்கணும், இதுக்குப் பேரு பெயர்க்கவிதை என்று பெரிய டீச்சர் மாதிரி சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். எ. ழி. ல். மூன்றே எழுத்து. எறும்புக்கு லீவே கிடையாது என்று முதல் வரியை உடனே எழுதிவிட்டாள். அதோடு சரி. அரை மணி நேரமாகப் பென்சிலைப் பிடித்தபடி அந்த ழியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, யோசி பாப்பா, பாத்துக்கிட்டே இருந்தா வந்துருமா என்றேன், மூன்றாவது தடவை கத்தியேவிட்டேன், கத்தின பிறகுதான் எனக்கு உறைத்தது. ழியில் என்ன எழுதுவாள் அவள், ல்லில்தான் என்ன எழுதுவாள், புள்ளி வைத்த எழுத்தில் எந்தச் சொல் தொடங்கும்... எல்லாம் போனில் இருக்கிற அந்த அம்மாக்கள் குழுவைச் சொல்லணும், வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற அம்மாக்களாம், கவிதையை எளிதாக அறிமுகப்படுத்தப் பத்து வழிகளாம், முதல் வழி பிள்ளையின் பேர், அவர்கள் இங்கிலீஷில் போட்டிருந்தார்கள், ஆர் என்றால் ரெயின்போ, ஏ என்றால் ஆப்பிள், அந்த மொழிக்கு எந்த எழுத்தில் வேண்டுமானாலும் தொடங்கிக்கொள்ளலாம். நான் அதை அப்படியே இறக்கி என் பிள்ளை தலையில் வைத்திருக்கிறேன். தப்பு என்னுடையது, திட்டு வாங்கினது அவள்.

சரி, விடு பாப்பா, அது அம்மாவோட தப்பு, போய்க் குளி, பதினோரு மணிக்கு மேடம் வந்துருவாக என்றேன். அவள் துண்டை எடுத்துக்கொண்டு போனாள். மேடம் என்றால் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்கிற மேடம். முந்தாநாள் போன் வந்தது, உங்க வீட்டுல ஒன்பது வயசுல ஒரு பொம்பளப் பிள்ள ஸ்கூலுக்குப் போகாம இருக்குன்னு தகவல் வந்திருக்கு, எங்க வேலைக்குப் போகுது, என்று எடுத்த எடுப்பிலேயே. எங்க படிக்குது இல்லை, எங்க வேலைக்குப் போகுது! சுற்றிலும் பட்டாசுக் கம்பெனியாக இருக்கிற தாயில்பட்டியில், அதுவும் தீபாவளி சீசனில், ஒரு பிள்ளை வீட்டில் இருக்கிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இதையே சென்னையில் செய்தால் ஹோம் ஸ்கூலிங் என்று பேர், கோயம்புத்தூரில் செய்தால் பேட்டி எடுத்துப் போடுவார்கள், மூங்கில் செடி, மண்பானை, அழகான அம்மா, கையில் புத்தகத்தோடு பிள்ளை. இங்கே செய்தால் வெடி ஒட்டுகிற பிள்ளை. யார் சொல்லியிருப்பார்கள், கடைக்காரர் செல்லச்சாமி அண்ணனாகத்தான் இருக்கும், போன வாரம்கூட, பாப்பா எந்தக் கம்பெனிக்கும்மா போகுது, வேனு வருதா, நடந்தே போகுதா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் சீனியை வாங்காமல் திரும்பி வந்தேன். வேலைக்குப் போகிற பிள்ளை இந்த ஊரில் இல்லவே இல்லை என்றும் சொல்லமாட்டேன், எனக்குக் கண் இருக்கிறது. அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது, தேடி வரவேண்டிய வீடு வேறே, என் வீட்டு வாசலில் வந்து நிற்கப்போகிறார்கள்.

அவர் சொன்னார், அவர் என்றால் என் வீட்டுக்காரர் அன்பரசன், லாரியில் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு நேற்றே கிளம்பிவிட்டார், போகும்போது, செல்வி, எதுக்கு இம்புட்டு வம்பு, பேசாம வேற ஸ்கூல்ல சேத்து விட்ரு, எல்லாப் பிள்ளையும் போகுதுல்ல என்றார். எல்லாப் பிள்ளையும் போகுதுதான். எல்லாப் பிள்ளையையும் பெஞ்சு மேலே ஏற்றி அதன் பேரைச் சொல்லச் சொல்லிச் சிரித்தார்களா? ஜூலையில் நடந்தது. தமிழ் மிஸ், வேறே யாரும் இல்லை, தமிழ் மிஸ்தான், உன் பேரு என்ன என்று கேட்டிருக்கிறாள், இவள் எளிலு மிஸ் என்றிருக்கிறாள். எப்படி? எளிலு மிஸ். பேரையே சொல்லத் தெரியலையே, ஒழுங்காச் சொல்ற வரைக்கும் இறங்கக் கூடாது என்று பெஞ்சில் ஏற்றிவிட்டாள். இவள் எளில், எளில் என்று சொல்லச் சொல்ல வகுப்பு சிரித்திருக்கிறது, கடைசியில் மிஸ்ஸே, உங்க வீட்டுல எலின்னே பேரு வச்சிருக்கலாம் என்றிருக்கிறாள். அன்றையிலிருந்து எலி. வேனில் எலி, சாப்பாட்டு நேரத்தில் எலி, நோட்டில் யாரோ வால் வரைந்து வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வயிற்று வலி, இரண்டாவது வாரம் தினமும் வயிற்று வலி, மூன்றாவது வாரம் நான் போய்க் கேட்டேன், அந்த மிஸ் சிரித்துக்கொண்டே, ஒரு ஜோக்குக்குச் சொன்னதும்மா, உச்சரிப்பு வரணும்ல, நீங்களே தமிழ் படிச்சவங்க என்றாள். தமிழ் படித்தவள். அந்த வார்த்தைதான் என் வாயை அடைத்தது. அவளை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருக்கணும், கேட்காமல் டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்தேன், கேட்காமல் விட்ட அந்த நாலு கேள்வியும் தினமும் காலையில் என்னோடு சேர்ந்து எழுந்திருக்கிறது.

அந்தப் பேரை வைத்தது யார், நான்தான். மாமியார் மாரித்தாய், குலசாமி பேரை வைக்கணும் என்று ஒற்றைக்காலில் நின்றார், நான் கேட்கவில்லை, எழில் என்றால் அழகு என்று எல்லாருக்கும் விளக்கினேன், பேரைக் கேட்டாலே இந்தத் தெருப்பிள்ளை என்று தெரியக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. தெரு முழுக்க நாக்கைத் தேடினாலும் கிடைக்காத ஓர் எழுத்தை எடுத்து நடுவில் வைத்தேன். எனக்கே பதினெட்டு வயசில்தான் ழ வந்தது, விருதுநகருக்குக் காலேஜ் போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழை, வாழை என்று சொல்லிச் சொல்லி வந்தது. இப்போதும் பாடம் நடத்தும்போது வரும், கோபம் வந்தால் போய்விடும். இதில் ஆசிரியர் தகுதித் தேர்வு வேறு இரண்டு தடவை எழுதித் தேறவில்லை. அதனால் என்ன, என் பிள்ளைக்கு நான் டீச்சர், எவள் தயவும் வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தேன். கணக்கு, இங்கிலீஷ், சாயங்காலம் கவிதை. கவிதைதான் அவளுக்குப் பிடித்தது, முதல் வாரம் எதுகை, இரண்டாம் எழுத்து ஒன்றுபோல வரணும், கட்டு பட்டு, மண் கண், விளையாட்டாக மளமளவென்று சொல்வாள், ஒருநாள் பழம் குளம் என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். அது எதுகை இல்லையே, ழவும் ளவும் ஒன்றா? சிவப்பு மையால் சுழித்தேன். காதுக்கு ஒன்றுதாம்மா என்றாள். காதுக்கு ஒன்று என்றால் வாய் தப்பு என்று அர்த்தம், பழம்னு பத்துத் தடவை சொல்லு என்றேன். நான் அடிக்கவில்லை, சிரிக்கவில்லை, பெஞ்சில் ஏற்றவில்லை, பத்துத் தடவை சொல்லச் சொன்னேன், அவ்வளவுதான், ஒரு நாலைந்து நாள் தொடர்ந்து. இப்போது திருத்தாவிட்டால் வெளியே போனால் மறுபடி எலி என்பார்கள், அந்தப் பயத்தில்தானே.

அப்புறம் மூன்று வரிக் கவிதை. ஹைக்கூ என்றால் ரொம்ப யோசிக்காதே, பார்த்ததைச் சொல், மூன்று வரிக்குள் சொல், விளக்காதே என்றேன். மழை என்று தலைப்புக் கொடுத்தேன், அன்று சாயங்காலம் தகரக் கூரையில் நிஜமாகவே பெய்துகொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் கொண்டுவந்தாள்:

தகரத்து மேல
யாரோ அரிசி கொட்டுறாங்க
குடையைக் கொண்டா

எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது, மழை என்ற வார்த்தையே இல்லாமல் மழை! பேரைச் சொல்லாமலே காட்டிட்டியே பாப்பா, இதுதான் கவிதை, பெரிய பெரிய ஆளுக்கே இது வராது என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நிம்மதி இருந்தது, பாராட்டினால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தானே வரும், இவளுக்கு ஏன் நிம்மதி என்று அன்று யோசிக்கவில்லை. அதை போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன், நாற்பது பேர் கைதட்டினார்கள். மறுநாள் வாழைப்பழம். மஞ்சச் சட்டையை உரிச்சா, உள்ள வெள்ளை உடம்பு, பொத்தானே இல்ல. அதையும் போட்டேன். இன்றைக்கு அந்த மேடம் வரட்டும், இதையெல்லாம் வரிசையாக எடுத்து மூஞ்சிக்கு நேரே நீட்டுகிறேன் என்று காத்திருந்தேன்.

பதினொன்றே காலுக்கு ஜீப் வந்தது, ஜீப் வந்தாலே தெரு வாசலுக்கு வந்துவிடும், வந்துவிட்டது. வாங்க மேடம், உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீக என்றேன். ஐம்பது வயசிருக்கும், கையில் ஒரு ஃபாரம், நெற்றியில் வியர்வை. இருக்கட்டும்மா, பிள்ள எங்க என்றார். தலை சீவி, பவுடர் போட்டு, நோட்டோடு வந்து நின்றாள். கையக் காட்டு கண்ணு. காட்டினாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், நகத்து இடுக்கைப் பார்த்தார், கட்டைவிரலைத் தேய்த்துப் பார்த்தார், வெள்ளி மருந்து ஒட்டியிருக்கிறதா, பசை காய்ந்திருக்கிறதா என்று. விரலை மூக்குப் பக்கம் கொண்டுபோனாரா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா... எனக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. எங்கம்மா நாற்பது வருஷம் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டினாள், அவள் விரலில் பசை போனதே இல்லை, அந்தக் கையால்தான் என்னைக் காலேஜுக்கு அனுப்பினாள், என் பிள்ளை கையில் பென்சில் கறுப்பைத் தவிர ஒன்றும் ஒட்டக்கூடாது என்று பொத்திப் பொத்தி வளர்க்கிறேன், வந்து தேய்த்துப் பார்க்கிறார்கள். கை சுத்தமா இருக்கு என்று மேடமே சொன்னார், அதை எழுதியும் கொண்டார். எந்தக் கிளாஸ்? நாலு. யாரு சொல்லிக் குடுக்காக? அம்மா. டாண் டாண் என்று பதில் சொன்னாள். உம் பேரு என்ன கண்ணு?

தரையைப் பார்த்தாள். சொல்லு பாப்பா என்றேன். பேரு சொல்லும்மா, பயப்படாத என்றார் மேடம். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். மேடம் என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது, அதுவரை அலுப்பாக இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேரச் சொல்லக் கூடாதுன்னு யாரும் சொல்லி வச்சிருக்காங்களா என்று அவளிடம் கேட்டுவிட்டு என்னிடம், தப்பா நினைக்காதீங்கம்மா, போன மாசம் ஒரு இடத்துல பிள்ளைகளுக்கு எல்லாம் வேற பேரு சொல்லிக் குடுத்து வச்சிருந்தாங்க, ஸ்கூல் வருகைப் பதிவுல சிக்கக் கூடாதுன்னு, கேட்டா இப்படித்தான் முழிச்சுச்சுக என்றார். என்ன மேடம் பேசுறீக, எம் பிள்ளைக்கு நான் ஏன் பேர மறைக்கணும், அவ பேரு எழில் என்றேன், நாக்கை மேலே மடித்து, ஓர் எழுத்துப் பிசகாமல். அப்போது அவள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அதைக் கவனிக்க நேரமில்லாமல் நோட்டை எடுத்து நீட்டினேன், இதப் பாருங்க மேடம், எம்புட்டு எழுதியிருக்கான்னு பாருங்க. மேடம் கை போய் விழுந்தது இன்று காலையில் எழுதின பக்கத்தில். எ, எறும்புக்கு லீவே கிடையாது. ழி, ஒன்றுமில்லை. ல், ஒன்றுமில்லை. பேரையே அரைகுறையால்ல விட்டிருக்கு என்றார். அது அரைகுறை இல்ல மேடம், ழியில எந்தச் சொல்லும் ஆரம்பிக்காது, தமிழ்லயே கிடையாது என்று நான் கத்துகிறேன், தெரு கேட்கிறது. எனக்கு இலக்கணமெல்லாம் தெரியாதும்மா, நான் கணக்குப் படிச்சவ என்றார் அவர், சாதாரணமாக. பிறகு அவளிடம், உனக்குப் பிடிச்சது ஒண்ணு வாசி என்றார்.

தகரத்துக் கவிதையை வாசித்தாள். தெளிவாக, பயமில்லாமல், ஒரு வார்த்தை தடுக்காமல். மேடம் சிரித்துவிட்டார், அட, மளையா என்றார். மளை! அவருக்கும் ழ இல்லை, ஜீப்பில் வருகிறார், கையெழுத்துப் போடுகிறார், அவரை யாரும் பெஞ்சில் ஏற்றவில்லை. பிள்ளை ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். நல்லாத்தான் எழுதுது, பொய் சொல்லல நான், ஆனா எனக்கு இது பத்தாதும்மா, திங்கக்கிழமை சூலக்கரையில எங்க ஆபீசுக்குப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வாங்க, அங்கன வந்து தன் பேரு, வயசு, வீட்டுல என்ன செய்யிதுன்னு அதுவே தன் வாயால சொல்லணும், சொல்லிருச்சுன்னா இதோட முடிச்சிருவேன், சொல்லலன்னா நான் மேல எழுதத்தான் வேணும், அப்புறம் எந்தக் கம்பெனின்னு ஆரம்பிச்சுத் தோண்டுவாக, உங்க வீட்டுக்காரரு வேல பாக்குற இடம் வரைக்கும் போகும். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். ஜீப் போன பிறகும் தெரு உள்ளே போகவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு வந்து, பேரச் சொன்னா வாயா வெந்துரும், ஒத்த வார்த்த, அதச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல, என் மானத்த வாங்கிட்டியே என்றேன். என்னென்னவோ சொன்னேன். அவள் நோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனாள்.

திங்கட்கிழமை கொண்டுபோக நல்லதாக நாலு பக்கம் எடுத்து வைப்போம் என்று நோட்டோடு உட்கார்ந்தேன். கோழி என்று தலைப்புக் கொடுத்த பக்கம், முட்டை போடுற அம்மா என்று தொடங்குகிறது. நல்லா இருக்கிறது, எடுத்து வைத்தேன். விழுந்த ஐஸ்கிரீமைப் பற்றி ஒன்று, தரையில கிடக்கு என்று. கீழே கிடக்கு என்றுதானே யாரும் சொல்வோம்... ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒன்று, லீவு நாள் என்று. தம்பி பிறக்காமல் போனதைப் பற்றி ஒன்று எழுதியிருக்கிறாள், எனக்குக் காட்டாமல், அதில் அம்மா கண்ணுல தண்ணி என்று இருக்கிறது, அழுதாள் என்று இல்லை. முன்னால் புரட்டினேன், பின்னால் புரட்டினேன், விரலை வைத்து வரி வரியாகத் தேடினேன், பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி. இருபத்து மூன்று கவிதை. மழை இல்லை, பழம் இல்லை, கோழி இல்லை, கீழே இல்லை, அழுகை இல்லை. நான் ஓரத்தில் எழுதிக் கொடுத்த அந்த ஒரு ழியைத் தவிர ஒரு ழகூட இல்லை, சிவப்பு மைச் சுழிக்கு அடுத்த பக்கத்திலிருந்து. சுழிக்கு முன்னால் இருக்கிறது, கிழவி இருக்கிறது, எழுது இருக்கிறது, இன்னும் எத்தனையோ. ஒன்பது வயசுப் பிள்ளை ஒவ்வொரு வரியிலும் எதிரே அந்த எழுத்து வருகிறதா என்று பார்த்துப் பார்த்து, வந்தால் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள், நான் அதைத்தான் பேரைச் சொல்லாமலே காட்டிட்டியே என்று கட்டிப்பிடித்திருக்கிறேன், நாற்பது பேரைக் கைதட்ட வைத்திருக்கிறேன். அந்த மிஸ்ஸை ஜூலையிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறேன். மிஸ்ஸுக்குப் பயந்து அவள் வீட்டுக்கு வந்தாள், வீட்டில் யாருக்குப் பயந்தாள்?

எழுந்து பின்வாசலுக்குப் போனேன். துவைகல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், ஈரத் தரையில் விரலால் என்னவோ கோடு போட்டுக்கொண்டு. மன்னிப்புக் கேட்கணும் என்று வந்தேனா, சமாதானம் சொல்ல வந்தேனா, முதலில் கூப்பிடுவோம் என்று பாப்பா என வாயெடுத்தேன், எடுத்த இடத்திலேயே நின்றுவிட்டது. பாப்பா... ஜூலையிலிருந்து நான் இவளைப் பாப்பா என்றுதானே கூப்பிடுகிறேன், சாப்பிட, குளிக்க, படிக்க, திட்ட, எல்லாவற்றுக்கும் பாப்பா. அதற்கு முன்னால் அப்படி இல்லையே, இருட்டினால் தெருமுனை வரை கேட்கிற மாதிரி கூப்பிடுவேனே, எளிலூ, ஏ எளிலூ என்று, வாய் நிறைய, ஒரு தடவைகூட நாக்கை மடித்துக் கூப்பிட்டதில்லையே. மிஸ்ஸிடம் போய் அவள் சொன்ன பேர் அதுதான், நான் கூப்பிட்ட பேர். அதைத் தப்பு என்று சொன்னவர்களோடு ஒரு வார்த்தை சண்டை போடாமல், வீட்டுக்கு வந்து நானும் அந்தப் பேரை நிறுத்திக்கொண்டேன், மூன்று மாசம் கழித்து இன்றைக்கு ஒரு ஃபாரத்துக்காக வேறு மாதிரி சொன்னேன், அதைக் கேட்டுத்தான் அம்மா யாரைச் சொல்கிறாள் என்பது போல நிமிர்ந்து பார்த்தாளா? அவள் விரல் நின்றது, நான் வந்திருப்பது தெரிந்துவிட்டது, திரும்பவில்லை, கூப்பிடட்டும் என்று இருக்கிறாள். எதைச் சொல்லிக் கூப்பிட என்று தெரியாமல் நான் படியிலேயே நின்றேன்.